வூகா வரை இருபத்துமூன்று பேர்

பதினோரு மாதம் பொய் சொல்வதுதான் எனக்கு வேலை. அதில் கெட்டிக்காரன் என்று பேரும் வாங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘இவன் சொல்வதை எப்படி நம்புவது’ என்று நீங்கள் கேட்டால் எனக்குக் கோபம் வராது.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பினான். விமானத்திலிருந்து இறங்கி, வேனில் ஏறி, ஒரு ஆற்றைத் தாண்டிய பிறகுதான் அது தாய்லாந்து இல்லை, மியான்மர் என்று தெரிந்தது. மதில், முள்கம்பி, வாசலில் துப்பாக்கிக்காரன். உள்ளே ஆயிரம் பேருக்குமேல் வரிசையாக உட்கார்ந்து உலகத்தை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு என்னையும் உட்காரவைத்தார்கள். திண்டுக்கல் முத்தழகுபட்டி ஆண்டனிராஜ் அன்று முதல் முப்பது வயது அழகியாகி, அமெரிக்காவில் தனியாக இருக்கும் கிழவர்களுக்குக் காலை வணக்கம் அனுப்பினான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானே முதல் வாரம் சிரித்தேன்.

என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் இருந்தவன் வூகா. சீனாவின் லியாங்ஷான் மலைக்காரன். கட்டடத்துக்குக் கரண்டு வேலை பார்ப்பவன். அவனையும் ஏமாற்றித்தான் கொண்டுவந்திருந்தார்கள். கம்பெனி கொடுத்த போனில் மொழிபெயர்ப்புச் செயலி உண்டு. அதில் தமிழ் இருந்தது, சீனம் இருந்தது. வூகாவின் மொழி இல்லை. ஒருநாள் மொத்தப் பட்டியலையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். அதனால் அவன் அரைகுறைச் சீனத்தில் பேச, போன் அதைக் கால்குறைத் தமிழாக்க, நாங்கள் சிநேகிதர்கள் ஆனோம்.

அவனுடைய அடையாள அட்டையில் ‘யி’ இனம் என்று இருக்குமாம். அது அரசாங்கம் வைத்த பெயர். அவர்கள் தங்களை நோசு என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். யி என்ற அந்த ஒரு பெயருக்குள் ஆறு வகைப் பேச்சு இருக்கிறது, ஒரு வகைக்காரனுக்கு மற்றதில் முக்கால்வாசி விளங்காது என்றான். “எங்க பக்கம் ஒட்டன்சத்திரத்துக்காரன் ஏனுங்கம்பான், நாங்க ஏலேம்போம். அது மாதிரியா?” என்று கேட்டேன். போன் அதை எப்படிச் சொல்லித் தொலைத்ததோ, விழுந்து விழுந்து சிரித்தான். அப்படி இல்லை என்று எனக்குப் பிற்பாடு புரிந்தது. தமிழையும் தெலுங்கையும் துளுவையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, மேலே ஒரு சீட்டு ஒட்டிவைத்த மாதிரி.

அவன்தான் எனக்கு அந்தப் பெயர்களைக் கற்றுக்கொடுத்தான். நோசு ஆண்பிள்ளைக்கு வாய் திறந்ததும் சொல்லிக்கொடுப்பது தன் தலைமுறை வரிசையைத்தான். தகப்பன் பெயரின் கடைசி ஒலி மகன் பெயருக்கு முதல் ஒலி. ஆபு, பூஜி, ஜிமு, மூஹா, ஹாகு, குவூ, வூகா. இது கடைசி ஏழு. மொத்தம் இருபத்துமூன்று. முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்தால் வரிசை சொல்வார்கள். எங்கேயாவது ஒரு பெயர் ஒத்துப்போனால் பங்காளிகள். அதற்குமேல் ஒருவனை ஒருவன் பட்டினி போடக்கூடாது, கைவிடக்கூடாது.

“காகிதத்தில் எழுதினால் பிடுங்கிக்கொள்வார்கள். வாயில் வைத்துக்கொள்” என்றது போன், அவனுக்காக. “நான் வராமல் நீ மட்டும் வெளியே போனால் இதை எங்கள் ஆட்கள் யாரிடமாவது சொல். எங்கள் பிமோ வந்து ஓதினால்தான் எனக்கு மூதாதைகளிடம் போக வழி திறக்கும்.” பிமோ என்றால் அவர்களுடைய பூசாரி. செத்தவனை ஒவ்வொரு மலையாகப் பெயர் சொல்லிக் கூட்டிப்போய் விடுவாராம். ஓதாவிட்டால் வழியில்லாமல் அலைய வேண்டியதுதான்.

நான் கிறிஸ்தவப் பிள்ளை. வரிசையாகப் பெயர் சொல்வது எனக்குப் புதிதல்ல. புனிதர்களின் பிரார்த்தனை மாதிரியே ராகம் போட்டுப் படித்தேன். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று நாக்கு எழும்பும். அடக்கிக்கொள்வேன். மூன்று மாதத்தில் ஒரு தப்பு இல்லாமல் சொன்னேன். வூகா மேல்கட்டிலிலிருந்து கையை நீட்டி என் தலையைத் தட்டினான்.

இனி சொல்லப்போவதை அம்மாவிடம் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது டெல்லியில் விசாரித்த அதிகாரிகளிடமும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லவில்லை.

சமையல்கட்டுக்குப் பின்னால் கரண்டுக் குழாய் போகும் சந்து வழியாகத் தப்பிக்க வூகா திட்டம் போட்டான். என்னையும் கூப்பிட்டான். சரி என்றேன். மறுநாள் சூப்பர்வைசர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, யாரோ ஓடப்பார்க்கிறான் என்று தெரியும், பெயரைச் சொன்னால் வீட்டுக்கு ஐந்து நிமிடம் பேசலாம் என்று மேசைமேல் ஒரு போனை வைத்தான். அடிக்கவில்லை. மிரட்டக்கூட இல்லை. ஏழு மாதமாக அம்மா குரலைக் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

அன்று அம்மாவிடம் பேசினேன். நல்லா இருக்கேன், வேலை சுகம் என்றேன். மறுநாள் காலை ஜெனரேட்டர் பக்கத்தில் வூகா கிடந்தான். இரவில் அவனை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் உண்டு. தள்ளினார்களா, அவனே குதித்தானா தெரியாது. எனக்குத் தெரிந்தது, என் வாய் இல்லாவிட்டால் அவன் அந்த மாடிக்குப் போயிருக்க மாட்டான் என்பதுதான்.

நான்கு மாதம் கழித்துப் பட்டாளத்தார் அந்த இடத்தைச் சுற்றி வளைத்தார்கள். எங்களை ஆறு தாண்டிக் கொண்டுவந்து விமானத்தில் ஏற்றினார்கள். ஊருக்கு வந்து, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் பெருமாள்சாமி அண்ணாச்சியின் கமிஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கேரளா லாரிக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றுவது. முருங்கைக்காயிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில்தான் இருக்க முடியவில்லை. நான் பேசிய அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா அந்தோணியார் கோயிலில் ஏழைகளுக்கு பன் கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் என் போன். அவளுக்கு அது அந்தோணியார் செய்த புதுமை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். “காலையில பன்னு குடுத்தேன், பொழுது சாயல, பிள்ளை பேசிட்டான்!” நான் எழுந்து வெளியே போய்விடுவேன். வாய்க்குள் இருபத்துமூன்று பெயரும் ஓடிக்கொண்டிருக்கும்.

பெருமாள்சாமியின் மகள் பானுப்ரியா சீனாவில் குன்மிங் நகரத்தில் மருத்துவம் படித்தவள். இங்கே தேர்வு எழுதித் தேறினால்தான் ஊசி பிடிக்கலாம். இரண்டு தடவை போய்விட்டது. அதற்குள் சந்தை முழுக்க ‘டாக்டரம்மா’ என்று கூப்பிட்டு அவளை அழவைத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் கடையில் அவளுடைய சீனத் தோழி போனில் பேசியது என் காதில் விழுந்தது. லாரி போன பிறகு அவளிடம் போய் நின்றேன். வூகா என்று ஒரு யி இனத்துக்காரன் என்னோடு இருந்தான், இறந்துவிட்டான், வீட்டுக்குத் தெரியாது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

“ஏனுங்கண்ணா, யி ஆளுன்னா சொன்னீங்க? என்ற சிநேகிதி ஒருத்தி யிதானுங்க! நர்ஸா இருக்கறா. இப்பவே அனுப்பீரலாம்” என்றாள்.

நான் பெயர்களைச் சொல்ல, பதிவு செய்து அனுப்பினாள். காரியம் முடிந்தது என்றே இருவரும் நினைத்தோம். அந்த நர்ஸ் பதில் போட்டாள்: “நானும் யிதான். இதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. நாங்கள் தென்கிழக்கு. இது வடக்காக இருக்கலாம்.” அவள் தன் ஆஸ்பத்திரியில் இன்னொரு யி ஆளிடம் கேட்டாள். அவர் கிழக்குப் பேச்சுக்காரர், அவருக்கும் விளங்கவில்லை. லியாங்ஷானில் அவர்களுக்கு ஆள் பழக்கமும் இல்லை. இப்படியே எட்டு நாள். ஒரே பெயர் போட்ட கதவாகப் பார்த்துத் தட்டினோம், உள்ளே வேறு வேறு ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். இந்தப் பெயர்கள் என் வாயிலேயே செத்துப்போகும் என்று பயந்தேன்.

ஒன்பதாம் நாள் தியெஹா கிடைத்தார். லியாங்ஷானில் பள்ளி ஆசிரியர், நோசுவும் சீனமும் தெரிந்தவர். அவரே வீடியோவில் அழைத்தார். அவர் சீனத்தில் பேச, பானு தமிழில் சொன்னாள்.

“பதினாலாவது பேரு கேட்டதும் எந்திரிச்சு நின்னுட்டாருங்களாம். அது அவருக்கும் பாட்டனாருங்க. உங்க வூகா அவருக்குப் பங்காளி ஆகுதுங்களாம்.”

இன்னொன்றும் சொன்னார். அந்த மலையில் பேச்சைக் கால்சட்டையின் அகலத்தை வைத்துப் பிரிப்பார்களாம். பெரிய கால், நடுக்கால், சின்னக்கால். நான் சொல்வது சின்னக்கால் பேச்சு, அதிலும் தென்கோடிப் பள்ளத்தாக்கின் இழுப்பு என்றார். முத்தழகுபட்டிக்காரன் வாயில் வூகாவின் ஊரே உட்கார்ந்திருந்தது. அந்த இழுப்பை வைத்து இரண்டே நாளில் அவன் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டார்.

மறுபடி அழைத்து, அந்த அம்மாவுக்குப் போட்டுக்காட்டப் பதிவு செய்துகொண்டே, “எப்படிச் செத்தான்?” என்று கேட்டார்.

“காய்ச்சல்” என்றேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் நல்ல காரணம் இருந்தது. என் பெரியப்பா ராயப்பராஜ் குஜிலியம்பாறைப் பக்கம் காடு வைத்திருந்தார். மூன்று வருஷம் மழை ஏமாற்றியது. பூச்சிமருந்தைக் குடித்துவிட்டார். வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, கோயிலில் மாரடைப்பு என்று சொன்னோம். பூசை வைத்து, மணியடித்து, கல்லறையில் நல்ல இடத்தில் அடக்கம் செய்தார்கள். இப்போதெல்லாம் சாமியார்கள் அதை அவ்வளவு பார்ப்பதில்லை என்கிறார்கள். ஆனாலும் எங்கள் பக்கத்தில் கெட்ட சாவை நல்ல சாவாகச் சொல்வதுதான் செத்தவனுக்குச் செய்கிற கடைசி மரியாதை. அந்த மரியாதையைத்தான் வூகாவுக்கும் செய்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் என் தலையும் தப்பித்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

நான்கு நாள் கழித்து, மத்தியானம் லாரியெல்லாம் போய்ச் சந்தை ஓய்ந்திருந்த நேரம், பானு கடைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். முகம் சரியில்லை.

“தியெஹா சார் லைன்ல இருக்காருங்க. சாங்கியம் ஆரம்பிக்கப் போறாங்களாம். ஆனா அந்தம்மா விடமாட்டேங்கறாங்களாம்.”

“ஏன்?”

“உங்க பதிவைப் போட்டுக் கேட்டாங்களாம். இது என்ற மகன் வாய்தான்னு அழுதாங்களாம். அப்புறம் நீங்க காய்ச்சல்னு சொன்னதையும் கேட்டாங்களாம். இருபத்துமூணு பேரை ஒரு இடத்துலயும் நிக்காம சொன்னவன், அந்த ஒரு வார்த்தைக்கு எதுக்கு மூச்சு வாங்கறான்னு கேக்கறாங்களாம்.”

நான் ஒரு முருங்கைக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். என் மொழியில் ஒரு சொல் அந்த அம்மாவுக்குத் தெரியாது. அமெரிக்கக் கிழவர்கள் அத்தனை பேரும் ஏமாந்த இடத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மலைக்காரி என்னைப் பிடித்துவிட்டாள்.

தியெஹா பேசினார். நோயில் செத்தவனுக்கு ஓதும் வழி வேறு, பிறர் கையால் செத்தவனுக்கு ஓதும் வழி வேறு என்று பானு சொன்னாள். தப்பான வழியை ஓதினால் அவன் போய் நிற்கும் இடத்தில் கதவே இருக்காது. பிமோ காத்திருக்கிறார். கடைசியாக ஒருமுறை கேட்கிறார்கள்.

பெரியப்பாவுக்கு எங்கள் பொய் கல்லறை வாங்கிக்கொடுத்தது. அதே பொய் வூகாவை நடுக்காட்டில் நிறுத்திவிடும் போலிருந்தது.

“பாப்பா, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சந்து, சூப்பர்வைசர், போன், மாடி.

பானு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதைய நான் எப்படிங்க சொல்றது?”

“சொன்னபடி.”

அவள் சீனத்தில் ஆரம்பித்தாள். அங்கே பதினோரு மாதம் இருந்ததில் எனக்குச் சீனத்தில் சில சொற்கள் தெரியும். ‘தா’ என்றால் அடிப்பது. தினமும் கேட்ட சொல். பானுவின் பேச்சில் அது வந்தது.

“அடிச்சாங்கன்னு சொல்லாதீங்க” என்றேன்.

“அண்ணா…”

“என்னைய யாரும் அடிக்கல. சும்மாதான் கேட்டாங்கெ. நானாத்தான் சொன்னேன். மாத்திச் சொல்லுங்க.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாற்றிச் சொன்னாள். திரையில் தியெஹாவின் முகம் அப்படியே நின்றது. வூகாவைப் பங்காளி என்று சொன்ன ஆள். பிறகு அவர் திரும்பி நோசுவில் சொல்ல ஆரம்பித்தார். யாரும் அழவில்லை. ஒரு கிழவி திரைக்குள் வந்து உட்கார்ந்தாள். கறுப்புத் தலைத்துணி. வூகாவின் அதே அகலமான நெற்றி. அவள் ஒரு கேள்வி கேட்டாள். அது தியெஹாவிடம் சீனமாகி, பானுவிடம் தமிழாகி என்னிடம் வந்தது.

“அதுக்கு உனக்கு என்ன குடுத்தாங்கன்னு கேக்கறாங்க.”

“அஞ்சு நிமிசம். எங்கம்மாகூடப் பேச.”

அது சீனமாகி, நோசுவாகி அவளிடம் போய்ச் சேர்ந்தது. பிறகு, “உன் அம்மா இருக்கிறாளா?” என்றாள். இருக்கிறாள் என்றேன். தலையை ஆட்டினாள். அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்து பிமோ பேசினார். பானு அதை மொழிபெயர்க்காமல் தியெஹாவிடம் எதிர்த்து ஏதோ பேசினாள். நான் கேட்டபோது வேண்டாவெறுப்பாகச் சொன்னாள்.

“பிறத்தியார் கையால செத்தவனுக்கு, அந்தக் கெடுதலை மொதல்ல செஞ்சவன் மேல திருப்பி அனுப்போணுங்களாம். அப்பத்தான் அவனுக்கு வழி தொறக்குமாம். அதுக்குச் செஞ்சவன் பேரு வேணுமாம். அது சாபமுங்கண்ணா. குடுக்காதீங்க. போனை வெச்சர்றனுங்க.”

“வைக்காதீங்க. அந்தச் சூப்பர்வைசர் பேரு எனக்குத் தெரியாது. வேலையில அங்க யாரும் சொந்தப் பேரு சொல்றது கிடையாது. தெரிஞ்சது என் பேருதான்.”

போனுக்குப் பக்கத்தில் குனிந்து, வூகா கற்றுக்கொடுத்த ஒழுங்கில், மூத்தவரிலிருந்து சொன்னேன். “மிக்கேல். மிக்கேல் மகன் ஞானதாஸ். ஞானதாஸ் மகன் ஆண்டனிராஜ்.”

காத்திருந்தார்கள். தியெஹா கேட்டார். “மிக்கேலுக்கு மேலே?”

“தெரியாது.”

கிழவி ஏதோ கேட்டாள். பானு மெல்லச் சொன்னாள். “மூணே பேரை வெச்சுட்டு இது உன்னைய எப்படித் தேடிக் கண்டுபிடிக்கும்னு கேக்கறாங்க.”

அதில் ஏளனம் இல்லை. நிஜமான கவலைதான் இருந்தது. மகன் போக வேண்டிய வழி அதில் அல்லவா இருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவனுடைய இருபத்துமூன்று பேரையும் தெரிந்தவனுக்குத் தன் நாலாவது ஆளைத் தெரியவில்லை.

“திண்டுக்கல்லு, முத்தழகுபட்டி, கோயிலுக்குப் பின்தெரு, பச்சைக் கேட்டு போட்ட வீடு” என்றேன். “மேல உள்ள பேரு விசாரிச்சு இன்னைக்கே அனுப்புறேன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் நிறுத்த வேணாம்.”

பிமோ மணியை ஆட்டி ஓதத் தொடங்கினார். ஒரு சொல்லும் புரியவில்லை. வூகா என்று வந்தது. பிறகு வெகுதூரம் ஓடி, ‘ஆந்தோனிலா’ என்று வந்தது. சின்னக்கால் இழுப்பில் என் பெயர் அப்படித்தான் இருக்கும் போல. வூகாவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். அப்போதுதான் அழுதேன்.

சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அம்மா வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வந்த நாளிலிருந்து அப்படி உட்கார்ந்ததே இல்லை.

“அம்மா, மிக்கேல் தாத்தாவுக்கு அப்பா பேரு என்ன?”

அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “ஏலே அப்பு, இம்புட்டு நாளு இல்லாம இதென்ன? செத்த இரு. சவரிமுத்து. அவருக்கு அப்பன் பெரியசவரி. அதுக்கு மேல வேதத்துக்கு வராத ஆளுக. கருத்தமுத்துன்னு உங்கப்பா சொல்லுவாரு.”

“கருத்தமுத்து, பெரியசவரி, சவரிமுத்து” என்று சொல்லிப் பார்த்தேன்.

“அப்படித்தான். நல்லா மனசுல வச்சுக்க. நாளைக்கு உன் பிள்ளை குட்டிக்குச் சொல்லணும்ல?” என்று என் தலையைத் தடவினாள். “அந்தோணியாரு உன்னைய எங்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டாரு.”

மூன்று பெயர்களையும் போனில் தட்டி, மூத்தவரை முதலில் வைத்து, பானுவுக்கு அனுப்பினேன். கீழே, ‘இதையும் சேத்துக்கச் சொல்லுங்க’ என்று எழுதினேன்.